நாளைய குற்றத்துக்கு இன்றைய கணக்கு

2023 மார்ச் 27 அன்று, 28 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த ஒருவரை உடனே விடுவிக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஆண்டுகளில் பெரும்பகுதியை அவர் தூக்குத் தண்டனைக் கைதியாகக் கழித்திருந்தார். 1994 ஆகஸ்ட் 26 அன்று புணேயில் ஒரு வீட்டில் ஏழு பேர் கொல்லப்பட்டார்கள். ஒரு கர்ப்பிணியும் குழந்தைகளும் அவர்களில் அடக்கம். 1998இல் புணே அமர்வு நீதிமன்றம் தூக்கு விதித்தது. 1999இல் மும்பை உயர் நீதிமன்றமும் 2000 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. வழக்குத் தாள்களில் அவர் இருபது வயதைத் தாண்டியவர். ராஜஸ்தானின் ஜலப்சர் ஊர்ப் பள்ளிப் பதிவேட்டிலோ அவருடைய பிறந்த தேதி 1982 பிப்ரவரி 1. அப்படியானால் கொலை நடந்த நாளில் அவருக்குப் பன்னிரண்டரை வயது. உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி 2019இல் புணே முதன்மை மாவட்ட நீதிபதி விசாரித்து, பதிவேடு சொல்வதே சரி என்று அறிக்கை கொடுத்தார். நீதிபதிகள் கே.எம். ஜோசப், அனிருத்த போஸ், ஹிரிஷிகேஷ் ராய் அமர்வு அதை ஏற்றது. சிறார் நீதிச் சட்டப்படி அவரை அடைத்து வைத்திருக்கக்கூடிய அதிகபட்சக் காலம் மூன்று ஆண்டுகள்.

ஒருவருடைய வயது நடந்து முடிந்த விஷயம். பதிவேடு இருக்கிறது, பள்ளி இருக்கிறது, கேட்டால் சொல்ல ஊர் இருக்கிறது. அதையே மூன்று அடுக்கு நீதிமன்றங்கள் தவறவிட முடியும் என்றால், இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றி நீதிமன்றம் சொல்லும் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம்? இந்தக் கேள்வி வேடிக்கையாகக் கேட்கப்படுவதல்ல. பிணை மனு வரும் ஒவ்வொரு நாளும் நீதிபதி எதிர்காலத்தைக் கணிக்கிறார்: இவர் தப்பி ஓடுவாரா, சாட்சியை மிரட்டுவாரா, மறுபடி குற்றம் செய்வாரா? தண்டனை விதிக்கும்போதும் அதே கணிப்பு வருகிறது: இவர் திருந்துவாரா? பரோல் கொடுக்கும்போது சிறை அதிகாரியும் இதையே கேட்டுக்கொள்கிறார்.

இந்தக் கணிப்பை எண்ணாக மாற்றித் தரும் கருவிகளைத்தான் இடர் மதிப்பீட்டுக் கருவிகள் என்கிறார்கள். வயது, முந்தைய வழக்குகள், வேலை, குடியிருப்பு என்று சில கேள்விகள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண். கூட்டினால் 'குறைந்த ஆபத்து', 'நடுத்தரம்', 'அதிக ஆபத்து'. 1928இல் எர்னஸ்ட் பர்ஜஸ் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பரோலில் விடப்பட்ட ஏறத்தாழ 3,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 21 காரணிகளைக் கொண்டு செய்தது அதன் தொடக்க வடிவம். இந்தியாவில் அப்படிப்பட்ட எண்ணைப் பார்த்துப் பிணை கொடுக்கும் நடைமுறை இன்னும் இல்லை. ஆனால் காற்று அந்தத் திசையில்தான் வீசுகிறது. பிணை பற்றிய சட்ட ஆணையத்தின் 268ஆவது அறிக்கை 2017இல் இடர் மதிப்பீட்டைப் பற்றியும் மின்னணுக் கண்காணிப்புப் பட்டை பற்றியும் பேசியது. 2023 மார்ச்சில் பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றத்தில் நீதிபதி அனூப் சிட்காரா ஒரு பிணை உத்தரவில் சாட்ஜிபிடியிடம் கேட்ட கேள்வியையும் அது தந்த பதிலையும் சேர்த்தார்; முடிவு அதன் அடிப்படையில் எடுக்கப்படவில்லை என்றும் எழுதினார். 2024இல் மகாராஷ்டிர அரசு காவல்துறைக்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை உருவாக்க 'மார்வல்' என்ற நிறுவனத்தையே தொடங்கியது. காவல் நிலையத்துக்குள் வந்த மென்பொருள் நீதிமன்றப் படியேற அதிக காலம் ஆகாது.

எண் வருவதற்கு முன்பே கணிப்பு இங்கே இருக்கிறது என்பதுதான் நான் வற்புறுத்த விரும்புவது. புணே வழக்குகள் சிலவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், கணிப்பு யாருக்குக் கதவைத் திறந்தது, யாருக்குச் சாத்தியது, எப்போது அதற்கு ஆதாரம் கேட்கப்பட்டது என்பதெல்லாம் தெளிவாகத் தெரிகின்றன.

தூக்குத் தண்டனையிலிருந்தே தொடரலாம். 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தூக்குத் தண்டனை செல்லும் என்றது. அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டும் என்று வரம்பு கட்டியது. தண்டனையைக் குறைக்கக்கூடிய காரணங்களை அந்தத் தீர்ப்பு வரிசைப்படுத்தியபோது அவற்றில் இரண்டு எதிர்காலம் பற்றியவை. ஒன்று, குற்றவாளி சமூகத்துக்குத் தொடர்ந்து அச்சுறுத்தலாக இருக்கும்படியான வன்செயல்களைச் செய்யமாட்டார் என்பதற்கான வாய்ப்பு. மற்றொன்று, அவர் திருந்தி மறுவாழ்வு பெறுவதற்கான வாய்ப்பு. இவற்றில் முதலாவதன் வாசகம் 1973இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் இயற்றிய மரண தண்டனைச் சட்டத்தின் வாசகத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. டெக்சஸில் அந்த வாசகம் ஒருவரைக் கொல்வதற்கான நிபந்தனை. இந்தியாவில் அதே வாசகம் ஒருவரைக் காப்பாற்றுவதற்கான காரணம். அவர் அப்படித் திருந்தக்கூடியவர் அல்ல என்பதை அரசுதான் ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும் என்ற வரியும் இங்கே சேர்ந்தது. கணிப்பின் தவறு யார் தலையில் விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வரி அது. இந்தியக் குற்றவியல் சட்டத்தின் மிக மனிதத்தன்மையுள்ள வரிகளில் ஒன்றாக அதை நான் மதிக்கிறேன்.

டெக்சஸில் என்ன ஆனது என்று தெரிந்துகொள்வது நல்லது. அங்கே ஜேம்ஸ் கிரிக்சன் என்ற மனநல மருத்துவர் வழக்குக்கு வழக்கு சாட்சிக் கூண்டில் ஏறினார். பேர்ஃபுட் என்பவரின் வழக்கில் அவரை நேரில் சோதிக்காமலேயே, அரசு வழக்கறிஞர் விவரித்த கற்பனைச் சூழலை மட்டும் கேட்டுவிட்டு, இவர் மறுபடி வன்முறை செய்வது நூற்றுக்கு நூறு உறுதி என்றார். நீண்டகால ஆபத்தைப் பற்றி மனநல மருத்துவர்கள் சொல்லும் கணிப்புகளில் மூன்றுக்கு இரண்டு தவறாகிறது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமே நீதிமன்றத்தில் மனு கொடுத்தது. 1983இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சாட்சியத்தை அனுமதித்தது. பேர்ஃபுட்டின் தண்டனை மறு ஆண்டு நிறைவேற்றப்பட்டது. கிரிக்சனைச் சங்கம் 1995இல் நீக்கியது.

நம்மிடம் நல்ல வரி இருந்தது. ஆனால் அது நீண்ட காலம் தாளில்தான் இருந்தது. குற்றத்தின் கொடுமையை மட்டும் பார்த்து, குற்றவாளியைப் பார்க்காமல் தூக்கு விதித்த தீர்ப்புகள் தொடர்ந்து வந்தன. அந்த ஓட்டத்தை நிறுத்திக் கேட்டது புணேயிலிருந்து போன இன்னொரு வழக்கு. 2001இல் பணத்துக்காக ஓர் இளைஞர் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில் தூக்கு பெற்ற சந்தோஷ்குமார் பரியாரின் மேல்முறையீட்டில், 2009 மே மாதம் நீதிபதிகள் எஸ்.பி. சின்ஹா, சிரியாக் ஜோசப் அமர்வு தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. குற்றவாளி ஏன் திருந்த முடியாதவர் என்பதை அரசுத் தரப்பு ஆதாரத்தோடு காட்டியாக வேண்டும்; காட்டவில்லை என்றால் தூக்கு இல்லை. பச்சன் சிங் தீர்ப்புக்கு மாறாகப் போன முந்தைய தீர்ப்புகளையும் அது பெயர் சொல்லித் தவறென்றது. 2022 மே 20 அன்று மனோஜ் வழக்கில் நீதிபதிகள் யு.யு. லலித், எஸ். ரவீந்திர பட், பேலா திரிவேதி அமர்வு இன்னும் ஒரு படி போனது. குற்றம் சாட்டப்பட்டவரின் மனநல மதிப்பீட்டையும், குடும்பம், கல்வி, வறுமை, சிறைக்குள் நடத்தை ஆகிய விவரங்களையும் விசாரணை நீதிமன்றமே அரசிடமிருந்து கேட்டுப் பெற வேண்டும் என்றது.

இவையும் இடர் மதிப்பீடுகள்தான். ஆனால் இவற்றின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். மனிதரை நேரில் பார்த்து எழுதப்படுகின்றன. எழுதியவரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கலாம். சந்தேகம் மிஞ்சினால் அது குற்றவாளிக்குச் சாதகமாகப் போகிறது. தொடக்கத்தில் சொன்னவர் சிறையிலேயே படித்து முதுகலைப் பட்டம் பெற்றார். 1998இல் எந்த மதிப்பெண் பட்டியல் அதைச் சொல்லியிருக்கும்?

பிணைக்கு வந்தால் கதை வேறு மாதிரி. 1961இல் நியூயார்க் நகரில் வீரா அமைப்பு 'மன்ஹாட்டன் பிணைத் திட்டம்' என்ற ஒன்றைத் தொடங்கியது. சட்டக் கல்லூரி மாணவர்கள் கைதானவர்களைச் சந்தித்து, எவ்வளவு காலமாக இந்த முகவரியில் இருக்கிறாய், வேலை உண்டா, குடும்பத்தோடு இருக்கிறாயா என்று கேட்டு மதிப்பெண் போட்டார்கள். தேறியவர்களைப் பணம் கட்டாமல் விடும்படி நீதிபதியிடம் பரிந்துரைத்தார்கள். அப்படி வெளியே விடப்பட்டவர்களில் விசாரணைக்கு வராமல் போனவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. பிகார் சிறைகளில் வருடக்கணக்கில் விசாரணையின்றிக் கிடந்தவர்களுக்காக வந்த ஹுசைனாரா காத்தூன் வழக்கில், 1979 பிப்ரவரியில் நீதிபதி பி.என். பகவதி இதே வகைப் பட்டியலை இந்திய நீதிமன்றங்களின் முன் வைத்தார்: குடியிருந்த காலம், வேலையும் பொருளாதார நிலையும், குடும்ப உறவு, நற்பெயர், முந்தைய குற்றப் பதிவு, அவருக்காகப் பொறுப்பேற்கக்கூடிய ஊர் மனிதர்கள், குற்றத்தின் தன்மை. வேர் உள்ளவர் ஓடமாட்டார். ஆகவே பணமில்லாமல் சொந்தப் பிணையில் விடுங்கள். முந்தைய ஆண்டில்தான் மோதி ராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, வேறு மாவட்டக்காரர் என்பதால் அவருடைய சகோதரரின் ஜாமீனையும் மறுத்த மாஜிஸ்திரேட்டை நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கடுமையாகக் கண்டித்திருந்தார்.

பகவதியின் பட்டியல் கதவைத் திறக்க எழுதப்பட்டது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு புணேயின் எரவாடா மத்தியச் சிறைக்கு வெளியே நின்று பார்த்தால் அது என்ன ஆனது என்று புரியும். ஏறத்தாழ 2,450 பேருக்கான அந்தச் சிறையில் அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் அடைபட்டிருப்பது வழக்கமாகிவிட்டது. நாடு முழுக்க 2022 இறுதியில் சிறையிலிருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்; அதாவது நான்கில் மூன்று பேர் மீது இன்னும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. இவர்களில் பலருக்கு நீதிபதி பிணை கொடுத்தாயிற்று. உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்ற நிபந்தனையில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். புணேயின் கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் மராத்வாடாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்தவருக்கு, வாடகை ஒப்பந்தம்கூட இல்லாத நிலையில், சொத்துப் பத்திரத்தோடு வந்து கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள்? ஜாமீன்தாரர் இல்லாதது வறுமை. நீதிமன்றம் அதை ஆபத்து என்று படிக்கிறது. பிணை கிடைத்தும் ஏழு நாளில் வெளிவராதவர் பெயரைச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்திலும் ஜாமீன் கட்ட முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. உள்ளூர் ஜாமீன்தாரரைக் கேட்பதும் தாமதத்துக்கு ஒரு காரணம் என்றும் சுட்டிக்காட்டியது. அதே ஆண்டு ஒன்றிய அரசு ஏழைக் கைதிகளுக்கான திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை உதவி அறிவித்தது. எரவாடாவிலும் நாக்பூரிலும் டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஒரு குழு இளம் வழக்கறிஞர்களையும் சமூகப் பணியாளர்களையும் சேர்த்து அமர்த்தியது. அவர்களுடைய வேலையில் பாதி சட்டம். மறுபாதி ஒருவரின் அண்ணனைத் தேடுவது, ஆதார் அட்டையைக் கண்டுபிடிப்பது, ஊருக்குத் தொலைபேசியில் பேசுவது.

இதே பட்டியலை வைத்து இன்னொரு புணே வழக்கைப் பார்க்கலாம். 2024 மே 19 அதிகாலை கல்யாணி நகரில் போர்ஷே கார் மோதி இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் இறந்தார்கள். காரை ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவன் 17 வயதுச் சிறுவன், கட்டுமானத் தொழிலதிபர் ஒருவரின் மகன். அன்றே சிறார் நீதிக் குழுமம் பிணை கொடுத்தது. சாலை விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்ற நிபந்தனை நாட்டையே கொதிக்க வைத்தது. மூன்று நாளில் அவன் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். ஜூன் 25 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் பாரதி டாங்ரே, மஞ்சுஷா தேஷ்பாண்டே அமர்வு, பிணை நடப்பில் இருக்கும்போது அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று விடுவித்தது. அவனை வயது வந்தவனாக விசாரிக்க வேண்டும் என்ற காவல்துறையின் மனுவை 2025 ஜூலை 15 அன்று குழுமம் தள்ளுபடி செய்தது.

சிறார் நீதிச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, பிணையே விதி என்கிறது. சிறுவன் வெளியே போனால் குற்றவாளிகளோடு சேருவான், அவனுக்கே ஆபத்து வரும் அல்லது நீதியின் நோக்கம் கெடும் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். ஆக, இறந்தவர்களின் பெற்றோர் அனுபவித்த வேதனையை மனத்தில் நிறுத்திக்கொண்டே சொல்கிறேன்: பிணை கொடுத்ததில் சட்டப்படி தவறில்லை. நெஞ்சில் உறுத்துவது வேறு. நிரந்தர முகவரி, படிப்பு, செல்வாக்குள்ள குடும்பம், பொறுப்பேற்க வரிசையில் நிற்கும் உறவினர்கள், முந்தைய வழக்கு இல்லாமை என்று உலகத்தின் எந்த இடர் மதிப்பீட்டுக் கருவியிலும் அவன் 'குறைந்த ஆபத்து' என்றே தேறுவான். அதே புணே மாவட்டத்தில், தகரக் கொட்டகை வீடும் தந்தை மேல் இரண்டு வழக்கும் உள்ள ஒரு பார்தி சமூகச் சிறுவன் கைப்பேசித் திருட்டில் பிடிபட்டால், அதே கருவியில் 'அதிக ஆபத்து' என்று வருவான். இரண்டு பேருக்கும் கேள்வி ஒன்று. கூட்டல் சரி. கணினியில் எந்தப் பிழையும் இல்லை. கருவி அளந்தது ஆபத்தையா, வசதியையா?

தரவின் நேர்மை பற்றியும் அந்த வழக்கு ஒன்றைச் சொல்கிறது. சிறுவனின் இரத்த மாதிரியை மாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டில் புணே சசூன் மருத்துவமனை மருத்துவர்கள் இருவர் கைதானார்கள். அது விசாரணையில் தீர வேண்டிய குற்றச்சாட்டு. ஆனால் ஓர் எண்ணை நம்புகிறோம் என்றால் அந்த எண்ணுக்குள் போகும் ஒவ்வொரு தாளையும், அதை எழுதிய ஒவ்வொரு கையையும் நம்புகிறோம் என்று பொருள்.

பதினாறிலிருந்து பதினெட்டு வயதுவரை உள்ளவர்களைக் கொடிய குற்றங்களில் வயது வந்தவராக விசாரிக்கலாமா என்று முடிவு செய்ய அதே சிறார் நீதிச் சட்டத்தின் 15ஆவது பிரிவு 'முதற்கட்ட மதிப்பீடு' ஒன்றைக் கேட்கிறது: குற்றத்தைச் செய்யும் உடல், மனத் திறன் இருந்ததா, விளைவைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் இருந்ததா என்று. அறிவுத்திறன் சோதனை ஒன்றை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட முடியாது என்று 2022 ஜூலையில் குருகிராம் பள்ளிக் கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்க வேண்டியிருந்தது. புத்திசாலிச் சிறுவன் விளைவை உணர்ந்தவனாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அமெரிக்க அனுபவத்தில் பலரும் மேற்கோள் காட்டுவது காம்பாஸ் என்ற மென்பொருள். 137 கேள்விகள் கொண்டது. 2016 மே மாதம் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் ஃபுளோரிடாவின் பிரவர்ட் கவுண்டியில் 7,000க்கும் மேற்பட்டவர்களின் மதிப்பெண்களை, பின்னர் அவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்பதோடு ஒப்பிட்டது. மறுபடி குற்றம் செய்யாதவர்களில் 'அதிக ஆபத்து' என்று தவறாக முத்திரை குத்தப்பட்டவர்கள் கறுப்பினத்தவரில் ஏறத்தாழ 45 விழுக்காடு, வெள்ளையரில் 23. மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் மறுத்தது: ஒரே மதிப்பெண் பெற்ற கறுப்பரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் மறுபடி குற்றம் செய்கிறார்கள், ஆகவே கருவி நியாயமானது என்றது. கணிதவியலாளர்கள் இறங்கிப் பார்த்தபோது இரண்டு தரப்பும் சொன்னது உண்மை என்று தெரிந்தது. இரண்டு குழுக்களில் மறு கைது விகிதம் வேறுபடும்போது இந்த இரண்டு வகை நியாயத்தையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற எந்தக் கருவியாலும் இயலாது. எந்த நியாயம் வேண்டும் என்பதை மனிதர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறுவனம் அதை மௌனமாகத் தேர்ந்தெடுத்திருந்தது. அதே ஆண்டு விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் லூமிஸ் வழக்கில், கருவி எப்படி எடை போடுகிறது என்பது நிறுவனத்தின் வணிக ரகசியம் என்றாலும் எச்சரிக்கையோடு பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது. தன்னை ஆறு ஆண்டு சிறைக்கு அனுப்ப உதவிய கணக்கை லூமிஸால் பார்க்க முடியவில்லை.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதிகம் பேசப்படுவதில்லை. பிணையில் விட்டால் 1,000 பேரில் 30 பேர் கடுமையான குற்றம் செய்வார்கள் என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். கருவி நல்ல கருவி: அந்த 30 பேரில் 24 பேரைச் சரியாகப் பிடிக்கிறது, மீதி 970 பேரில் ஐந்தில் ஒருவரை மட்டும் தவறாக ஆபத்தானவர் என்கிறது. அப்படித் தவறாகச் சொல்லப்பட்டவர்கள் 194 பேர். ஆக 'அதிக ஆபத்து' என்று முத்திரை விழுந்த 218 பேரில் ஒன்பதில் ஒருவர்தான் உண்மையில் குற்றம் செய்யப்போகிறவர். கடுங்குற்றம் அரிதானது என்பதால் வரும் கணக்கு இது. நுட்பத்தைக் கூட்டினால் குறையுமே தவிரத் தீராது. அந்த 194 பேரின் தவறு யாருக்கும் தெரியவும் வராது. வெளியே விட்ட ஒருவன் கொலை செய்தால் நாளிதழில் வரும், நீதிபதியின் பெயரோடு. உள்ளே வைத்திருந்தவன் வெளியே என்ன செய்திருப்பான் என்பதைச் சோதிக்க வழியே இல்லை. பின்னர் வரும் தரவில் அவன் இடம்பெறுவதில்லை. கருவி ஒரு பக்கத் தவறிலிருந்து மட்டுமே பாடம் கற்கிறது.

இந்தியாவில் அது எந்தத் தரவிலிருந்து கற்கும் என்று நினைத்தால் கலக்கமாக இருக்கிறது. பிறப்பை வைத்துக் குற்றத்தைக் கணித்த சட்டம் இங்கே 80 ஆண்டுகள் நடப்பில் இருந்தது. 1871இல் வந்து பின்னர் விரிவாக்கப்பட்ட குற்றப் பரம்பரையினர் சட்டம் மராட்டிய மண்ணில் பார்திகளையும் தமிழ் மண்ணில் கள்ளர் உள்ளிட்ட சமூகங்களையும் காவல் நிலையப் பதிவேட்டில் ஏற்றியது. கைரேகை பதிய வைத்ததால் மதுரைப் பக்கத்தில் ரேகைச் சட்டம் என்றே பெயர். அதை எதிர்த்துத் திரண்ட பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் இறந்தார்கள். 1952இல் சட்டம் ஒழிந்தது. பழக்கக் குற்றவாளிகள் சட்டங்கள் அந்த இடத்தில் வந்தன. பம்பாய் மாநிலத்துக்கு 1959இல். சந்தேகப் பட்டியலும் இரவுச் சோதனையும் அதே குடிசைகளைத் தேடிப் போயின. சிறைக் கையேடுகளில் இந்தச் சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகளாக நடத்தும் விதிகள் 2024 அக்டோபர் 3 வரை இருந்தன. மும்பைப் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் அன்றுதான் உச்ச நீதிமன்றம் அவற்றை நீக்கச் சொன்னது.

ஒருவர் மீது எத்தனை வழக்குகள் என்பது காவலர் எத்தனை முறை அவர் வாசலுக்குப் போனார் என்பதன் கணக்கும்கூட. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவைப் பாருங்கள். இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகக் கழித்துவிட்டால் அவரை விட வேண்டும், நல்ல விதி. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது என்கிறது இரண்டாவது உட்பிரிவு. தண்டனை பெற்ற வழக்கு என்றுகூட இல்லை, நிலுவை வழக்கு. மென்பொருள் எதுவும் இல்லாமலே இது ஓர் இடர் மதிப்பீடு. அதன் ஒரே காரணியின் எண்ணைக் கூட்டும் பேனா காவல் நிலைய எழுத்தரிடம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் 1981ஆம் ஆண்டுத் தடுப்புக் காவல் சட்டமும் தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுக் குண்டர் சட்டமும் இதே தர்க்கத்தில் ஒருவரை விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை அடைக்கின்றன.

நீதிபதியின் மனத்துக்குள்ளும் சாய்வு இருக்கிறதே, எண் அதைவிட மேல் அல்லவா என்று கேட்பவர்களை நான் ஒதுக்கவில்லை. ஒரே மாதிரி வழக்கில் ஒரு நீதிபதி விடுகிறார், அடுத்த அறையில் இருப்பவர் மறுக்கிறார். அந்தத் தற்செயலுக்கு ஏழைகள் விலை கொடுக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 2011 முதல் அங்கே நீதிபதிகள் மதிப்பெண்ணைப் பார்த்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. மெகன் ஸ்டீவன்சன் என்ற சட்ட அறிஞர் பிந்தைய ஆண்டுகளின் தரவை ஆராய்ந்தபோது, முதலில் விடுதலை சற்றுக் கூடியதும் நாளடைவில் நீதிபதிகள் பழைய வழக்கத்துக்கே திரும்பியதும் தெரிந்தன. கருவிகளை முன்னர் ஆதரித்த அமெரிக்காவின் பிரீட்ரையல் ஜஸ்டிஸ் இன்ஸ்டிடியூட் நிறுவனமே 2020இல் ஆதரவை விலக்கிக்கொண்டது.

விசாரணைக்கு வராமல் போகிறவர்களில் பலர் ஓடிப்போனவர்கள் அல்லர். தேதியை மறந்தவர்கள், கூலி நாளை விட முடியாதவர்கள், அறை எண் தெரியாமல் திரும்பிப் போனவர்கள். நியூயார்க்கில் தேதியைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியில் நினைவூட்டியபோதே வராதவர் எண்ணிக்கை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்ததாக 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. புணேயின் சிவாஜிநகர் நீதிமன்றத்தில் பிணை பெற்றவருக்கு மராத்தியிலும் இந்தியிலும் கன்னடத்திலும் தேதியும் அறை எண்ணும் அனுப்ப எந்தக் கணிப்பும் தேவையில்லை. 1958இன் நன்னடத்தைச் சட்டம் தண்டனைக்கு முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்க ஏற்கெனவே வழி வைத்திருக்கிறது. வீட்டுக்குப் போய், அக்கம்பக்கத்தில் பேசி, குடும்பத்தைப் பார்த்து எழுதும் அறிக்கை அது. அந்தப் பணியிடங்களை நிரப்புவது மென்பொருள் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு.

கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில், மாவட்ட நீதிமன்றங்கள் எந்த முடிவையும் தீர்ப்பையும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எடுக்கக் கூடாது என்று கொள்கை வகுத்தது. மும்பை உயர் நீதிமன்றம் அதைவிடத் துல்லியமாக எழுதலாம். காவல்துறை மென்பொருள் தரும் எந்த மதிப்பெண்ணும் பிணை மனுவோடு ரகசியமாக இணைக்கப்படக் கூடாது. இணைத்தால் அதன் கேள்விகளும் எடைகளும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் முழுதாகக் கொடுக்கப்பட வேண்டும். நிலுவை வழக்கு, தந்தையின் வழக்கு, சமூகம், முகவரி ஆகியவை அதில் காரணிகளாக இருக்கக் கூடாது. குறைந்த மதிப்பெண் விடுதலைக்குக் காரணமாகலாம். அதிக மதிப்பெண்ணை மட்டும் காட்டிப் பிணையை மறுக்கக் கூடாது. பச்சன் சிங் தீர்ப்பு தூக்குத் தண்டனைக்குச் சொன்ன நிரூபணச் சுமை, பரியார் வழக்கில் புணேக்காரர்களுக்கே நினைவூட்டப்பட்ட அந்தச் சுமை, பிணை மனுவிலும் அரசின் தோளில்தான் இருக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மாவட்ட நீதிமன்றங்களுக்கு அனுப்பும் ஒரு சுற்றறிக்கை போதும்.